801 ஸ்பீக்கரின் விலை: ஒரு கணக்கு

ஹை-எண்ட் ஆடியோ சாமான்களின் விலை ஏன் இப்படி ஏறிக்கொண்டே போகிறது என்று கேட்டால் வழக்கமாக மூன்று பதில் வரும்: பணவீக்கம், மூலப்பொருள், ஆராய்ச்சிச் செலவு. மூன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கு. எவ்வளவு உண்மை என்பதைத்தான் யாரும் கணக்குப் போட்டுச் சொல்வதில்லை. ரிவ்யூ எழுதுகிறவர்கள் போடுவதில்லை, விற்கிறவர்கள் போடவே மாட்டார்கள். அதனால் ஒரே ஒரு ஸ்பீக்கரை எடுத்து நானே போட்டுப் பார்த்தேன்.

எடுத்துக்கொண்டது இங்கிலாந்தின் பௌவர்ஸ் அண்ட் வில்கின்ஸ் கம்பெனியின் 801. 1979-இல் வந்தது. லண்டன் ஆபி ரோடு ஸ்டூடியோ உட்படப் பல ஒலிப்பதிவுக் கூடங்கள் அதை மானிட்டராக வைத்துக்கொண்டன, குறிப்பாக மேற்கத்திய செவ்வியல் இசைப் பதிவுகளுக்கு. நாற்பது வருஷத்துக்கு மேல் அந்த எண் புழக்கத்தில் இருக்கிறது. நடுவில் சில தலைமுறைகளில் 800 என்ற மாடல் அதற்கு மேலே போய் உட்கார்ந்துகொண்டது, 2021-இல் மறுபடியும் 801 என்ற பெயருக்கே திரும்பினார்கள். இவ்வளவு நீளமாக ஒரே வரிசையில் விலையைத் தொடர முடிகிற ஸ்பீக்கர்கள் அதிகம் இல்லை. அதான் இதை எடுத்தேன்.

அமெரிக்க விலை, ஜோடிக்கு: 1987-இல் மேட்ரிக்ஸ் 801 சுமார் 5,000 டாலர். 1998-இல் நாட்டிலஸ் 801, 11,000 டாலர். 2005-இல் 800டி, 20,000. 2016-இல் 800 டி3, 30,000. 2021-இல் 801 டி4, 35,000. 2023-இல் அதே டி4-இன் 'சிக்னேச்சர்' பதிப்பு, 50,000.

அமெரிக்க நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணை வைத்துப் பார்த்தால் 1987-க்கும் 2021-க்கும் நடுவே பொது விலைவாசி ஏறியது சுமார் 2.4 மடங்கு. ஆக அந்த 5,000 டாலர் பணவீக்கத்தோடு மட்டும் நடந்து வந்திருந்தால் 12,000 டாலரில் நின்றிருக்கணும். நின்றது 35,000-இல். மேலே இருக்கிற 23,000 டாலருக்குப் பணவீக்கம் பொறுப்பில்லை.

"அதே ஸ்பீக்கர் இல்லையே சார்" என்பீர்கள். நியாயம்தான். மேட்ரிக்ஸ் 801 என்பது உள்ளே தேன்கூடு மாதிரி குறுக்குச் சட்டங்கள் அடித்த மரப்பெட்டி, 12 அங்குல வூஃபர். டி4-இல் செயற்கை வைரத்தில் செய்த ட்வீட்டர், அலுமினியத்தில் வார்த்த தலை, வளைத்து ஒட்டிய மரப்பலகை, இரண்டு 10 அங்குல வூஃபர். செய்வதற்கு இது நிச்சயமாக அதிகச் செலவு பிடிக்கும். ஆனால் "நல்ல பொருளாகிவிட்டது, அதனால் விலை ஏறிவிட்டது" என்பது மற்ற எலக்ட்ரானிக்ஸ் எதிலும் செல்லுபடி ஆகாத வாதம். டிவி நல்லதாகி விலை இறங்கியது. கம்ப்யூட்டரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஸ்பீக்கரில் மட்டும் ஏன் முன்னேற்றம் என்றால் விலையேற்றம் என்று அர்த்தம்?

ஸ்பீக்கரிலும் அப்படி இல்லை என்பதற்கு இன்னொரு பிரிட்டிஷ் கம்பெனியே சாட்சி. கேஇஎஃப் 2012-இல் தன் ஐம்பதாவது ஆண்டுக்காக எல்எஸ்50 என்று ஒரு சின்ன ஸ்பீக்கர் கொண்டுவந்தது. ஜோடி 1,500 டாலர். எட்டு வருஷம் கழித்து அதையே உள்ளுக்குள் பெரிதும் மாற்றி, ட்வீட்டரின் பின்பக்க ஒலியை உறிஞ்ச ஒரு சிக்கலான புதிர்ப்பாதைத் தட்டெல்லாம் வைத்து, எல்எஸ்50 மெட்டா என்று விட்டார்கள். அதுவும் 1,500 டாலர்தான். பணவீக்கத்தைக் கழித்தால் விலை இறங்கியிருக்கு, பொருள் மேம்பட்டிருக்கு. சீனாவில் பெரிய எண்ணிக்கையில் செய்கிறார்கள் என்பது காரணத்தில் பாதி. மீதிப் பாதி, அந்த விலையில் நிறைய பேருக்கு விற்பது என்று முடிவு எடுத்திருந்தார்கள். அதாவது விலை என்பது முதலில் யாருக்கு விற்கப் போகிறோம் என்ற முடிவு. செலவுக் கணக்கு அதற்குப் பிறகு வருவது.

ஹெட்போன் உலகத்தில் இது இன்னும் பட்டவர்த்தனமாகத் தெரியும். 2003-இல் சென்ஹைசர் எச்டி 650 சுமார் 500 டாலர், அன்றைக்கு அது கிட்டத்தட்ட உச்சம். 2009-இல் எச்டி 800 வந்து 1,400 டாலர் என்றபோது பலரும் வாயைப் பிளந்தார்கள். பிறகு 2016. அந்த ஒரே வருஷத்தில் இரண்டு விஷயம் நடந்தது. ஃபோக்கல் யுடோப்பியா 4,000 டாலருக்கு வந்தது. அதே வருஷக் கடைசியில் பழைய எச்டி 650-ஐயே நிறத்தையும் கேபிள் நீளத்தையும் மாற்றி, எச்டி 6எக்ஸ்எக்ஸ் என்று 200 டாலருக்கு இணையத்தில் விற்க ஆரம்பித்தார்கள். பதிமூன்று வருஷம் முன்னால் உச்சமாக இருந்த ஒலி பாதிக்கும் குறைவான விலையில். ஒரு பக்கம் கூரை பிய்த்துக்கொண்டு மேலே போகிறது, இன்னொரு பக்கம் தரையும் கீழே இறங்குகிறது. "விலை ஏறுகிறது" என்று புலம்புகிறவர்கள் கூரையை மட்டும் பார்க்கிறார்கள். தரையை யாரும் காட்டுவதில்லை, காட்டினால் பல பேருக்கு வியாபாரம் கெடும்.

தரை எவ்வளவு கீழே வந்திருக்கிறது? டாக் எனப்படும், டிஜிட்டல் எண்களை மின்னலையாக மாற்றும் கருவியை எடுத்துக்குவோம். உலகத்தின் முதல் சிடி பிளேயராக விற்பனைக்கு வந்த சோனி சிடிபி-101, 1982 அக்டோபரில் ஜப்பானில் 1,68,000 யென். உள்ளே இருந்த ஒற்றை டாக் இடது வலது இரண்டையும் மாறி மாறி கவனித்துக்கொண்டது. இன்று ஆப்பிள் போனுக்கு ஹெட்போன் சொருக விற்கும் சுண்டுவிரல் நீள அடாப்டர் அமெரிக்காவில் 9 டாலர். அளவிட்டுப் பார்த்தவர்கள் கண்டது, அதில் இரைச்சலும் திரிபும் சேர்ந்து இசைக்குக் கீழே சுமார் 99 டெசிபல் ஆழத்தில் கிடக்கிறது. சிடியில் இருக்கும் 16 பிட்டின் எல்லையே 96 டெசிபல் சுற்றித்தான். அதாவது சிடியில் என்ன இருக்கிறதோ அதை முழுக்க வெளியே எடுக்க 9 டாலர் போதும். இதற்கு மேல் ஐந்து லட்சத்துக்கு டாக் வாங்குகிறவர் வாங்குவது என்ன? அழகான அலுமினியப் பெட்டி, நல்ல வால்யூம் திருகு, கூடுதல் சொருகுமுனைகள். அவையும் பொருள்தான், நான் குறை சொல்லவில்லை. நல்ல திருகைத் திருப்புவதில் ஒரு சுகம் இருக்கு. ஆனால் விளம்பரம் திருகைப் பற்றிப் பேசுவதில்லை.

ஆம்பிளிஃபையரிலும் இதே கதை, கொஞ்சம் பழைய கதை. 1987-இல் ஸ்டீரியோ ரிவ்யூ இதழ் 200 டாலர் சொச்சத்து பயோனியர் ரிசீவரிலிருந்து 12,000 டாலர் வால்வு ஆம்ப் வரைக்கும் வரிசையாக வைத்து, எது ஓடுகிறது என்று தெரியாமல் கேட்க வைத்தது. நம்பிக்கையுள்ளவர்களையும் சந்தேகக்காரர்களையும் சேர்த்தே உட்கார வைத்தார்கள். முடிவு: காசு சுண்டிப் போட்டுச் சொன்ன மாதிரி. 2007-இல் மேயரும் மோரனும் உயர்துல்லிய டிஸ்குகளை நேராகவும், நடுவே சாதாரண சிடி தரத்துக்கு இறக்கியும் போட்டுக் காட்டி 554 முறை சோதித்தார்கள். சரியான பதில் 276. அதாவது 49.8 சதவீதம். இதற்கு எதிர்வாதமாக ஜோஷுவா ரீஸ் 2016-இல் 18 ஆய்வுகளைச் சேர்த்துப் போட்ட கணக்கைச் சொல்வார்கள், அதில் சரியான பதில் 52.3 சதவீதம் வந்தது, பயிற்சி பெற்றவர்களுக்கு இன்னும் கூடுதல். புள்ளியியல்படி அது வித்தியாசம்தான், ஒத்துக்கிறேன். ஆனால் "திரை விலகியது", "பாடகி என் எதிரே வந்து நின்றாள்" என்று எழுதப்படுகிற வித்தியாசத்தின் உயரம் 50-க்கும் 52-க்கும் நடுவே இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லணும்.

கேபிள் பற்றிச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன், ஏனென்றால் அதில் ஆராய ஒன்றும் இல்லை. வீட்டு வயரிங்குக்குப் போடும் 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியின் தடை மீட்டருக்கு 7 மில்லி ஓம். ஆம்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே 3 மீட்டர் என்றால் போக வர 6 மீட்டர், 42 மில்லி ஓம். 8 ஓம் ஸ்பீக்கருக்கு இதனால் ஏற்படும் இழப்பு 0.05 டெசிபலுக்கும் கீழே. 2007-இல் பேர் கேபிள் என்ற கம்பெனியின் 7,250 டாலர் ஸ்பீக்கர் கம்பியைச் சாதாரணக் கம்பியிலிருந்து காதால் பிரித்துக் காட்டினால் பத்து லட்சம் டாலர் என்று ஜேம்ஸ் ராண்டி சவால் விட்டார். அந்தச் சோதனை நடக்கவே இல்லை, கம்பெனி விலகிக்கொண்டது.

இப்போது, காசு உண்மையிலேயே வேலை செய்கிற இடத்துக்கு வருவோம். ஸ்பீக்கர், அப்புறம் அறை.

எலக்ட்ரானிக்ஸில் திரிபு 0.001 சதவீதத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போது நல்ல ஸ்பீக்கரிலேயே கீழ் சுருதிகளில் அது ஒரு சதவீதத்தைச் சாதாரணமாகத் தாண்டும். ஒரு காகிதக் கூம்பு முன்னும் பின்னும் போய்க் காற்றைத் தள்ளும் வேலை அது, மூரின் விதி அதற்கு உதவாது. கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றத்திலும் பிறகு ஹார்மன் கம்பெனியிலும் ஃப்ளாய்ட் டூல் செய்த ஆராய்ச்சி முழுக்க இதைப் பற்றித்தான்: கண்ணை மறைத்துவிட்டால் மனிதர்களுக்கு எந்த ஸ்பீக்கர் பிடிக்கிறது? 1994-இல் அவரும் ஷான் ஆலிவும் 40 பேரை வைத்து நாலு ஸ்பீக்கர்களைச் சோதித்தார்கள். ஒருமுறை திரைக்குப் பின்னால், ஒருமுறை கண்ணெதிரே. அந்த 40 பேரும் ஹார்மன் ஊழியர்கள், ஆடியோ தெரிந்தவர்கள். திரை இருந்தபோது நல்ல மதிப்பெண் வாங்கிய சின்ன, மலிவான சப்வூஃபர் செட், திரையை எடுத்ததும் கீழே இறங்கியது. பெரிய, விலையுயர்ந்த பெட்டிகளின் மதிப்பெண் ஏறியது. காது அதேதான், ஆட்கள் அதேதான், பாட்டு அதேதான்.

பத்து வருஷம் கழித்து ஆலிவ் இன்னொரு படி மேலே போனார். 70 ஸ்பீக்கர்களின் அளவீடுகளை வைத்து, கேட்பவர்களின் விருப்பத்தை முன்கூட்டியே சொல்லும் சூத்திரம் ஒன்றை உருவாக்கினார். கணிப்புக்கும் உண்மையான விருப்பத்துக்கும் ஒட்டுறவு 0.86. சமூக அறிவியலில் இப்படி ஒரு எண் கிடைத்தால் கோயில் கட்டுவார்கள். அந்தச் சூத்திரத்தில் மொத்தம் நாலு அளவுகள், எல்லாமே ஒலி அலை சம்பந்தப்பட்டவை. விலை அதில் இல்லை, சேர்க்கத் தேவைப்படவில்லை. நாலில் ஒன்று, பேஸ் எவ்வளவு கீழே இறங்குகிறது என்பது. மொத்த மதிப்பில் அதற்கு மட்டும் சுமார் 30 சதவீதப் பங்கு. கீழே இறங்கணும்னா பெரிய பெட்டி, பெரிய வூஃபர், அதற்கு நிஜமான காசு வேணும். ஆக 801 பெரிதாக இருப்பதற்கு நியாயம் உண்டு. அது 35,000 டாலர் ஆவதற்கு மட்டும் இந்தச் சூத்திரத்தில் இடமில்லை.

இங்கே ஒரு சொற்றொடரைப் பற்றிச் சொல்லணும். ஆடியோ ரிவ்யூக்களில் "செலவு கூடக் கூடப் பலன் குறைந்துகொண்டே போகும்" என்று அடிக்கடி வரும். ரொம்ப நேர்மையான வாக்கியம் மாதிரித் தெரியும். ஆனால் அது ஒளித்து வைத்திருப்பதைப் பாருங்க. பலன் குறைந்த வேகத்திலாவது ஏறிக்கொண்டே இருக்கிறது, கோடு ஒருபோதும் கீழே திரும்புவதில்லை என்ற அனுமானம். 10 லட்சத்துப் பெட்டி 5 லட்சத்துப் பெட்டியைவிடக் கொஞ்சமாவது நல்லதாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கை. அளவீடுகளை வரைந்து பார்த்தால் அங்கே கோடே இல்லை, சிதறிக் கிடக்கும் புள்ளிகள்தான். அண்மைய 800 வரிசை மாடல்கள் சிலவற்றிலேயே மேல் ட்ரெபிள் பகுதி சமமாக இல்லாமல் தூக்கலாக இருப்பதை ஸ்டீரியோஃபைல் இதழ் தானே அளந்து வெளியிட்டிருக்கிறது. அதைச் சிலர் ரசிக்கிறார்கள், அது அவர்கள் விருப்பம். ஆனால் அதில் பலன் குறைவதும் இல்லை கூடுவதும் இல்லை, வேறு ஒரு சுவைக்குச் சமைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அந்த ஸ்டீரியோஃபைல் இதழை 1962-இல் தொடங்கியவர் ஜே. கார்டன் ஹோல்ட். அளந்து பார்ப்பதைவிட வீட்டில் கேட்டுப் பார்த்து எழுதணும் என்று இந்த விமர்சன மரபையே ஆரம்பித்து வைத்த மனுஷர். அவரே 2007-இல் ஒரு பேட்டியில், கண்ணை மறைத்துச் சோதிப்பது போன்ற அடிப்படை நேர்மைக் கட்டுப்பாடுகளுக்கு உட்பட மறுத்த 1980-களிலேயே ஹை-எண்ட் ஆடியோ தன் நம்பகத்தன்மையை இழந்துவிட்டது என்ற பொருளில் சொன்னார். வெளியாள் சொன்னால் "காது கேட்காதவன்" என்று ஒதுக்கிவிடலாம். இவரை அப்படி ஒதுக்க முடியாது. அதனால் பெரும்பாலும் இந்தப் பேட்டியைப் பற்றிப் பேசாமலே இருந்துவிடுகிறார்கள்.

விலை ஏற்றத்துக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு இருப்பதாகத்தான் நான் நினைக்கிறேன். விமர்சகனின் வேலை விலைக்கு ஒரு எதிர்விசை கொடுப்பது. "இது பத்தில் ஒரு பங்கு விலையில் கிடைப்பதிலிருந்து பிரித்துச் சொல்ல முடியவில்லை" என்று ஒருவன் எழுதினால் அடுத்த மாடலின் விலையைத் தீர்மானிக்கும் கூட்டத்தில் யாரோ ஒருவர் தயங்குவார். அப்படி எழுதும் வழியை விமர்சனமே அடைத்துவிட்டால், விலையே தரத்தின் அளவுகோல் ஆகிவிடும். வெப்ளன் 1899-இலேயே எழுதியதுதான்: சில பொருள்களை விலை அதிகம் என்பதற்காகவே வாங்குவார்கள். ஸ்காட்லாந்தின் லின் கம்பெனி 1970-களின் தொடக்கத்திலிருந்து செய்துவரும் எல்பி12 டர்ன்டேபிளுக்கு 50 வயதானபோது, ஆப்பிளில் வடிவமைப்பாளராக இருந்த ஜோனி ஐவின் நிறுவனம் கைவைத்த பதிப்பு ஒன்றை வெளியிட்டார்கள். மொத்தம் 250, ஒன்று 50,000 பவுண்ட். அமெரிக்காவில் வில்சன் ஆடியோவின் வாம் மாஸ்டர் க்ரோனோசானிக் 70 ஜோடிதான் என்று அறிவித்து 6,85,000 டாலருக்கு விட்டார்கள். எண்ணிக்கையை எண்ணிச் சொல்லி விற்பது ஓவியச் சந்தையின் வழக்கம். எங்கள் சாஃப்ட்வேர் தொழிலில் இதற்குச் சமமானது, விலைப் பக்கத்தில் கடைசிக் கட்டத்தில் எண்ணுக்குப் பதிலாக "எங்களைத் தொடர்பு கொள்ளவும்" என்று போடுவது.

விற்கிறவர் பக்கமும் ஒரு நியாயம் இருக்கு, அதை விடக்கூடாது. வருஷத்துக்குச் சில நூறு ஜோடிகள் மட்டுமே விற்கும் ஒரு பொருளின் அச்சு, அளவீட்டுக் கூடம், சம்பளம் எல்லாம் அந்தச் சில நூறின் தலையில்தான் விழும். டீலருக்கு 40 சதவீதம் மாதிரிப் போகும். செய்கூலி, பொருள் செலவைப்போல் நாலைந்து மடங்கு விலை வைத்தால்தான் கடை ஓடும் என்பது இந்தத் தொழிலில் சகஜமான கணக்கு. இசை கேட்பவர்கள் போனுக்கும் புளூடூத்துக்கும் போய்விட்டார்கள். மிச்சம் இருக்கிறவர்களுக்கு வயசும் வசதியும் அதிகம், எண்ணிக்கை குறைவு. எண்ணிக்கை குறைந்தால் விலையை ஏற்று, ஏற்றினால் எண்ணிக்கை இன்னும் குறையும். இந்தச் சுழலிலிருந்து வெளியே வர ஒரு கம்பெனியால் தனியாக முடியாது. ஆனால் இந்த உண்மையை இப்படியே சொல்லி விற்க முடியாது இல்லையா? "எங்கள் வாடிக்கையாளர் குறைந்துவிட்டார்கள், அதனால் விலை ஏற்றியிருக்கிறோம்" என்று எந்த பிரோஷரிலும் வராது. வைர ட்வீட்டர் பற்றித்தான் வரும்.

இதனால் யாருக்கு நஷ்டம்? 50,000 டாலர் கொடுக்கிறவருக்கு ஒன்றும் இல்லை, அவர் சந்தோஷமாகத்தான் இருப்பார். நஷ்டம் கீழே. என்னோடு வேலை பார்க்கும் ஒரு பையன், வேலையில் சேர்ந்து இரண்டு வருஷம், ராஜா பாட்டுகளின் பேஸ் கிட்டாரை ஒழுங்காகக் கேட்கணும் என்பது அவன் ஆசை. பத்து யூடியூப் ரிவ்யூ பார்த்துவிட்டு, 60,000 ரூபாய் டாக் ஒன்றை இஎம்ஐயில் வாங்கலாமா என்று கேட்டான். பெரிய ஐடி சர்வீஸ் கம்பெனிகளில் புதிதாகச் சேர்கிறவர்களின் சம்பளம் பத்துப் பதினைந்து வருஷமாக வருஷத்துக்கு மூணு, மூணரை லட்சத்தைச் சுற்றியே நிற்கிறது. 2010-இல் டாலர் 46 ரூபாய், 2024-இல் 84 ரூபாய். அந்த எல்எஸ்50-ஐயே எடுங்க: டாலரில் விலை மாறவே இல்லை, ஆனால் 2012-இல் 80,000 ரூபாயாக இருந்தது 2020-இல் 1,11,000 ரூபாய், சுங்கமும் வரியும் சேர்க்காமலே. டாலரில் அசையாமல் நிற்கும் விலைகூட இங்கே ஏறுகிற விலைதான். அப்படி இருக்கிறவனிடம் "நிஜமான ஒலி லட்சத்திலிருந்துதான் ஆரம்பம்" என்று சொல்வது வெறும் மிகைப்படுத்தல் இல்லை. அவன் கடன் வாங்குவான், அல்லது இதெல்லாம் நமக்கில்லை என்று விட்டுவிடுவான். இரண்டுமே தேவையில்லாதது.

அவனுடைய பிரச்சினை டாக்கில் இல்லை. அவன் அறை 10-க்கு 10 அடி, உயரமும் கிட்டத்தட்ட 10. சென்னை அடுக்குமாடி வீடுகளில் சகஜமான அளவு, ஒலிக்கு இதைவிட மோசமான வடிவம் கிடையாது. சுவருக்குச் சுவர் 3.05 மீட்டர் என்றால் அதற்குள் அடங்கும் அரை அலையின் அதிர்வெண் சுமார் 56 ஹெர்ட்ஸ். நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒன்று என்பதால் மூன்று ஒத்ததிர்வும் ஒரே இடத்தில் ஒன்றின்மேல் ஒன்றாக விழும். பேஸ் கிட்டாரின் ஏ கம்பியைத் திறந்து மீட்டினால் 55 ஹெர்ட்ஸ். அந்த சுரம் வரும்போது சுவரோரம் உட்கார்ந்திருந்தால் அறையே உறுமும், அறையின் நட்ட நடுவில் உட்கார்ந்திருந்தால் காணாமலே போகும். அமெரிக்க வீட்டின் மரச்சட்டச் சுவர் பேஸைக் கொஞ்சம் வெளியே விட்டுவிடும். நம் செங்கல் சுவரும் கான்கிரீட் தளமும் விடாது, அப்படியே திருப்பி அடிக்கும். இந்த 10, 15 டெசிபல் மேடு பள்ளத்துக்கு முன்னால் இரண்டு டாக்குகளுக்கு நடுவே உள்ள வித்தியாசம் தேர் ஓடும்போது காலில் ஊரும் எறும்பு.

அவனுக்குச் சொன்னது இதுதான். நாற்காலியைப் பின் சுவரிலிருந்து மூன்றடி தள்ளிப் போடு. சுமார் 100 டாலருக்கு ஒரு அளவீட்டு மைக் வாங்கு, இல்லை என்னிடமிருந்து எடுத்துக்கொண்டு போ. ஆர்ஈடபிள்யூ என்ற மென்பொருள் இலவசம், அதில் அளந்து பார். உறுமும் இடத்தை ஈக்வலைசரில் வெட்டு, அதுவும் இலவசம். பள்ளத்தை ஈக்வலைசரால் நிரப்ப முடியாது, அதற்கு ஸ்பீக்கரையோ உன்னையோ நகர்த்தணும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போதும்.

இதில் எனக்குக் கோபம் வருகிற இடம் ஒன்று உண்டு. ஈக்வலைசர் என்ற இந்த இலவச மருந்தைத்தான் ஹை-எண்ட் உலகம் பல வருஷமாகத் தீண்டத்தகாததாக வைத்திருந்தது. "சிக்னல் பாதை தூய்மையாக இருக்கணும்" என்று சொல்லி பேஸ், ட்ரெபிள் திருகுகளையே விலையுயர்ந்த ஆம்புகளிலிருந்து எடுத்துவிட்டார்கள். அப்புறம் பேஸ் அதிகமாக இருக்கிறதா, கேபிளை மாற்று, ட்ரெபிள் குத்துகிறதா, ஆம்பை மாற்று என்று ஆலோசனை சொன்னார்கள். ரிச்சி ஸ்ட்ரீட்டில் அசெம்பிள் செய்து விற்ற ஆம்புகளில் ஐந்து குமிழ் ஈக்வலைசர் இருக்கும், பெட்டிமேல் பிஎம்பிஓ ஆயிரம் வாட் என்று ஊதிய எண் ஒட்டியிருக்கும். அந்த எண் பொய் என்பது வாங்கியவருக்கும் தெரியும், விற்றவருக்கும் தெரியும். குறைந்தபட்சம் குமிழ்கள் வேலை செய்தன.

801-க்கு ஒரு வால் செய்தி. பௌவர்ஸ் அண்ட் வில்கின்ஸ் 2020-இல் சவுண்ட் யுனைடெட் கைக்குப் போனது. 2022-இல் அந்த சவுண்ட் யுனைடெடை, டெனான், மராண்ட்ஸ் உட்பட, விரலில் மாட்டும் ஆக்சிஜன் மானி செய்யும் மருத்துவக் கருவிக் கம்பெனியான மாசிமோ 102.5 கோடி டாலருக்கு வாங்கியது. மூன்றே வருஷத்தில் 35 கோடிக்கு விற்றுவிட்டு வெளியேறியது. வாங்கியது ஹார்மன். டூலும் ஆலிவும் வேலை பார்த்த, திரைக்குப் பின்னால் ஸ்பீக்கர்களை நகர்த்தி வைத்துச் சோதிக்கும் இயந்திரம் கட்டி வைத்திருக்கிற அதே ஹார்மன். விலை நுழையாத சூத்திரத்தின் சொந்தக்காரர்கள்தான் இன்று 50,000 டாலர் 801-க்கும் சொந்தக்காரர்கள். அடுத்த தலைமுறை 801 எப்போது வந்தாலும் அதன் அளவீட்டு வரைபடத்தில் அந்த ட்ரெபிள் மேடு இருக்கிறதா, விலைச்சீட்டில் என்ன எண் இருக்கிறது என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கணும். அதுவரைக்கும் என் விரிதாளில் அந்த வரிசை காலியாகத்தான் இருக்கும்.